ஐ.எஃப்.எஸ். கட்டத்தில் கடைசி எண் போடுமுன்: வெளியுறவுப் பணிக்கு வர நினைக்கும் பெண்களுக்கு ஒரு வழிகாட்டி

குடிமைப்பணித் தேர்வு எழுதும் பெண்களுக்கு விண்ணப்பம் நிரப்ப உதவி செய்துவருகிறேன். எந்தப் பணி முதலில், எது அடுத்தது என்று வரிசைப்படுத்தும் இடம் வரும்போது பெரும்பாலும் ஒன்றே நடக்கிறது. ஐ.ஏ.எஸ். ஒன்று, ஐ.பி.எஸ். அல்லது ஐ.ஆர்.எஸ். (வருவாய்ப் பணி) இரண்டு. ஐ.எஃப்.எஸ். எங்கே என்று கேட்டால், அந்தப் பெண் வாயைத் திறக்குமுன் பக்கத்தில் இருக்கும் அம்மா சொல்லிவிடுகிறார்: "அது வேணாம்மா. நாடு நாடா அலையணும். நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு ஒண்ணு இருக்குல்ல." எண் கடைசிக்குப் போய்விடுகிறது.

வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டு, யோசித்து, வேண்டாம் என்றால் அது அவரவர் முடிவு. தெரியாமலே தள்ளிவிடுவதுதான் எனக்குத் தாங்கவில்லை. இரண்டு மூன்று வருடம் ராத்திரி பகலாகப் படித்தவர்கள், அந்த ஒரு கட்டத்துக்கு அரை மணி நேரம்கூடக் கொடுப்பதில்லை. அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துக்கொள்வோம். இந்திய வனப்பணியையும் பலர் ஐ.எஃப்.எஸ். என்றே சொல்கிறார்கள். அதற்கும் முதல்நிலைத் தேர்வு இதேதான், ஆனால் மெயின்ஸ் (முதன்மைத் தேர்வு) தனி. இங்கே நான் பேசுவது இந்திய வெளியுறவுப் பணியைப் பற்றி.

வேலை என்னவென்று பாருங்கள்

தூதரகம் என்றதும் கோட்டு சூட்டு, விருந்து, கைகுலுக்கல் என்றுதான் நமக்குத் தோன்றுகிறது. வளைகுடாவில் ஆள் இருக்கும் வீட்டில் கேட்டுப் பாருங்கள், வேறு படம் கிடைக்கும். எங்கள் தெருவில் ஒருவர் அங்கே வேலை செய்யும் இடத்தில் இறந்துபோனார். உடல் ஊர் வந்து சேர மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. மரணச் சான்றிதழ், முதலாளியின் கையெழுத்து, அங்குள்ள போலீஸின் அனுமதி, தூதரகத்தின் தடையில்லாச் சான்று என்று ஒவ்வொன்றாக நகர்ந்தது. அந்த வீட்டம்மாவுக்கு இந்திய அரசு என்பது தினமும் போனை எடுத்துப் பதில் சொன்ன ஒரு குரல்தான். அந்தக் குரல் தூதரகத்தின் நலப்பிரிவில் இருந்த ஒரு பெண் அதிகாரியுடையது.

தூதரக வேலையில் இது ஒரு பகுதி. பாஸ்போர்ட், விசா, சிறையில் இருப்பவர்களைப் பார்ப்பது, சம்பளம் கிடைக்காத தொழிலாளிக்கு வழி காட்டுவது எல்லாம் இதில் அடங்கும். கையில் காசில்லாமல் சிக்கிக்கொண்டவர்களுக்கு உதவ 2009-இல் தொடங்கிய இந்திய சமூக நல நிதி தூதரகங்களின் கையில் இருக்கிறது. மறுபக்கம் அரசியல் பிரிவு. அந்த நாட்டில் என்ன நடக்கிறது, அது நம்மை எப்படிப் பாதிக்கும் என்று டெல்லிக்கு எழுதி அனுப்பும் இடம் அது. வணிகப் பிரிவு நம் ஏற்றுமதியாளருக்கு வாங்குபவரைத் தேடித்தரும். பத்திரிகை, பண்பாடு, கல்வி என்று இன்னும் பிரிவுகள் உண்டு. ஐ.நா., உலக வர்த்தக அமைப்பு போன்ற இடங்களில் ஒரு தீர்மானத்தின் ஒரே சொல்லுக்காக இரவு முழுக்கப் பேசுவார்கள். 1996-இல் ஜெனீவாவில் அணுகுண்டுச் சோதனைத் தடை ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடாது என்று எல்லா நாடுகளுக்கும் எதிரே உட்கார்ந்து சொன்னவர் அருந்ததி கோஷ், ஒரு ஐ.எஃப்.எஸ். அதிகாரி.

எழுதுவது, கேட்பது, பொறுமையாகப் பேசுவது. இந்த மூன்றில் உங்களுக்கு ஆசை இருந்தால் மேலே படியுங்கள்.

கல்யாணக் கேள்வியின் பழைய கதை

அம்மா கேட்ட கேள்வியை ஒரு காலத்தில் அரசாங்கமே கேட்டது, அதுவும் எழுத்தில். குடகில் விராஜ்பேட்டையில் பிறந்த சி.பி. முத்தம்மா, சென்னை மகளிர் கிறித்துவக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர். 1948-இல் தேர்வு எழுதி 1949-இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். அந்தப் பணிக்கு வந்த முதல் பெண். கல்யாணம் செய்துகொண்டால் ராஜினாமா செய்துவிடுவேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் அவர் சேர முடிந்தது.

பிறகு 1961-இல் வந்த விதிகளும் அதையே சொன்னன. பெண் அதிகாரி மணம் முடிக்க அரசிடம் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்க வேண்டும். குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடைஞ்சல் என்று அரசு நினைத்தால் விலகச் சொல்லலாம். மணமான பெண்ணுக்கு இப்பணியில் நியமனம் பெறும் உரிமை கிடையாது. 1970-இல் ஹங்கேரிக்குத் தூதராகப் போன முத்தம்மா, பதவி உயர்வில் மற்றவர்கள் தன்னைத் தாண்டிச் சென்றபோது உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு விசாரணைக்கு வருமுன்னரே அவருக்கு உயர்வு கொடுத்துவிட்டார்கள். அதனால் மனு முடித்துவைக்கப்பட்டது. ஆனால் 1979-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு அதோடு நிற்கவில்லை. கல்யாணம் செய்துகொள்ளும் பெண்ணால் அரசு வேலைக்கு ஆபத்து என்றால், கல்யாணம் செய்துகொள்ளும் ஆணாலும் அதே ஆபத்து உண்டுதானே என்று கேட்டது. சமத்துவத்துக்கு எதிரான விதிகளை ஒட்டுமொத்தமாகச் சீர்செய்ய வேண்டும் என்றது. அவருடைய பணி மூப்பை மறுபரிசீலனை செய்யவும் சொன்னது.

இன்று அந்த விதிகள் இல்லை. 2001-இல் சொகிலா ஐயர் வெளியுறவுச் செயலாளர் ஆனார், அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் பெண். பின்னால் நிருபமா ராவ், சுஜாதா சிங். கல்யாணக் கேள்வி ஏட்டில் இருந்து போய்விட்டது, வீட்டில் இருந்து போகவில்லை. அதனால்தான் இந்தக் கதையை நான் பார்க்கும் எல்லாப் பெண்களுக்கும் சொல்கிறேன். வீட்டில் வாதாட நேர்ந்தால் 1979 என்ற வருடம் கைகொடுக்கும்.

தகுதியும் தாள்களும்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். எல்லாம் தேர்வை நடத்தும் யு.பி.எஸ்.சி.யின் அறிவிக்கையில் இருக்கிறது. கோச்சிங் சென்டர் துண்டறிக்கையை நம்பாமல் அதை முழுசாக ஒருமுறை படித்துவிடுங்கள்.

ஏதாவது ஒரு பட்டம் போதும். வயது, தேர்வு நடக்கும் ஆண்டின் ஆகஸ்ட் 1 அன்று 21 நிறைந்திருக்க வேண்டும், 32 ஆகியிருக்கக் கூடாது. பிற்படுத்தப்பட்டோருக்கு (கிரீமிலேயர் என்ற வசதியான பிரிவில் வராதவர்களுக்கு) 35, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 37 வரை. பொதுப்பிரிவுக்கு 6 முறை, பிற்படுத்தப்பட்டோருக்கு 9 முறை எழுதலாம். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வயது வரம்புக்குள் எத்தனை முறையும். பிரிலிம்ஸ் (முதல்நிலைத் தேர்வு) ஹாலில் ஒரு தாள் எழுதினாலே ஒரு அட்டெம்ப்ட் கணக்காகிவிடும். "சும்மா எழுதிப் பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பெண்களுக்கு விண்ணப்பக் கட்டணம் இல்லை.

பிரிலிம்ஸில் இரண்டு தாள். பொது அறிவுத் தாளின் மதிப்பெண்தான் தகுதியைத் தீர்மானிக்கும். இரண்டாவது தாளான சிசாட்டில் (திறனறித் தாள்) 33 சதவீதம் எடுத்தால் போதும். போதும் என்பதால் அலட்சியம் செய்து அதிலேயே விழுந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், முக்கியமாகக் கலைப் பாடம் படித்த பெண்கள். மெயின்ஸில் 9 தாள். தமிழும் ஆங்கிலமும் தலா 300-க்கு, தேறினால் போதும். மீதி 7 தாளுக்கு 1750, இன்டர்வியூவுக்கு 275, மொத்தம் 2025. இதை வைத்துத்தான் ரேங்க். வெளியுறவுப் பணிக்குத் தனித் தேர்வு கிடையாது. இடங்கள் குறைவு: 2023 தேர்வில் 37, 2024 தேர்வில் 55.

ஒரு சின்ன விஷயம், நம்மூர்ப் பெண்களை மட்டும் படுத்துவது: இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, ஆதாரில் அப்பா பெயர் விரிவாக, கல்யாணம் ஆனவர் என்றால் பான் அட்டையில் கணவர் பெயர். பிறந்த தேதிக்கும் பெயருக்கும் பத்தாம் வகுப்புச் சான்றிதழே ஆதாரம். அதில் உள்ளபடி மற்றவற்றை மாற்றிவிட்டுப் பதிவு செய்யுங்கள். மெயின்ஸ் தேறிய பிறகு அலைய வேண்டாம்.

தமிழில் எழுதலாமா?

எழுதலாம். மெயின்ஸ் விடைகளைத் தமிழிலேயே எழுதலாம், இன்டர்வியூவையும் தமிழில் கொடுக்கலாம், தமிழ் இலக்கியத்தை விருப்பப் பாடமாக எடுக்கலாம். ஆனால் பிரிலிம்ஸ் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. மெயின்ஸ் பொது அறிவுக் கேள்விகளும் அப்படித்தான். ஆங்கிலத்தில் கேட்டதைப் புரிந்துகொண்டு தமிழில் எழுத வேண்டும்.

வெளியுறவுப் பணி என்றால் ஆங்கிலம் தண்ணீராக ஓட வேண்டும் என்று பயப்படுகிறார்கள். வேலையில் ஆங்கிலம் தேவை, அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தேவைப்படுவது தெளிவான, சுருக்கமான எழுத்து ஆங்கிலம். கான்வென்ட் உச்சரிப்பு தேவை இல்லை. தினமும் தலையங்கம் ஒன்றைப் படித்து, அதன் சாரத்தை ஐந்து வரி ஆங்கிலத்தில் எழுதுங்கள். ஆறு மாதத்தில் கை பழகிவிடும்.

தமிழ் இங்கே சுமை இல்லை, முதலீடு. இலங்கையில் கொழும்பு உயர் ஆணையம் தவிர யாழ்ப்பாணம், கண்டி, அம்பாந்தோட்டை ஆகிய இடங்களிலும் இந்தியாவுக்கு அலுவலகங்கள் உண்டு. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி. மலேசியாவில் தோட்டத்துத் தமிழர் வழிவந்த பெரிய சமூகம். எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பேச முடிகிற அதிகாரிக்கு ஒரு தனி மதிப்பு உண்டு.

உங்கள் மாவட்டத்தில் இருந்து படியுங்கள்

படிப்பில் நான் அதிகம் வற்புறுத்துவது இதைத்தான். சர்வதேச உறவுகள் என்றதும் பெண்கள் அமெரிக்கா, சீனா, ரஷ்யா என்று குறிப்பெடுக்க உட்காருகிறார்கள். எல்லோருடைய விடைத்தாளிலும் அதே வரிகள். நான் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, "உன் ஊருக்கும் வெளிநாட்டுக்கும் என்ன சம்பந்தம்? எழுது" என்பேன்.

திருப்பூர்ப் பெண் பின்னலாடையில் தொடங்குவாள். பிரிட்டனுடன் 2025 ஜூலையில் கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தம் அங்கே என்ன மாற்றும், வங்கதேசத்துக்குக் கிடைத்த சலுகை நமக்கு ஏன் கிடைக்கவில்லை என்று போகும். ராமநாதபுரம், நாகப்பட்டினம் என்றால் மீனவர். இலங்கையுடனான 1974, 1976 ஒப்பந்தங்கள், கச்சத்தீவு, இழுவை மடி, எல்லைக்கோடு. அதோடு யாழ்ப்பாணத்து மீனவரின் வலையும் கிழிகிறது என்ற மறுபக்கமும். இரண்டு பக்கத்தையும் நியாயமாகச் சொல்லத் தெரிந்தவள்தான் இந்தப் பணிக்கு வேண்டியவள். ஆம்பூர், வாணியம்பாடி என்றால் தோல், ஐரோப்பாவின் சுற்றுச்சூழல் விதிகள். கன்னியாகுமரி என்றால் செவிலியர்களும் வளைகுடாவும். செட்டிநாட்டு வீட்டுத் தேக்குத் தூண் பர்மாவைச் சொல்லும். வேலூர் மருத்துவமனை வாசலில் நிற்கும் வங்கதேசத்து நோயாளிகள் மருத்துவ விசாவைச் சொல்வார்கள்.

இப்படித் தொடங்கினால் பெரிய நாடுகள் தாமாகவே உள்ளே வரும், மறக்கவும் செய்யாது. இன்டர்வியூவிலும் பெரும்பாலும் உங்கள் ஊரில் இருந்துதான் கேள்வி தொடங்கும்.

இதற்குத் துணையாக வெளியுறவு அமைச்சக இணையதளத்தைப் பழக்கமாக்குங்கள். வாராந்திரச் செய்தியாளர் சந்திப்பு, கூட்டறிக்கைகள், நாடாளுமன்றக் கேள்வி பதில்கள், ஆண்டறிக்கை எல்லாம் இலவசம். வாரம் ஒரு கூட்டறிக்கை போதும். "கவலை தெரிவித்தனர்" என்பதற்கும் "கண்டித்தனர்" என்பதற்கும் நடுவே எத்தனை படி இருக்கிறது என்று கவனியுங்கள். அரசியல் அறிவியலும் சர்வதேச உறவும் என்ற விருப்பப் பாடம் எடுத்தால் இரண்டாம் தாள் முழுக்க இதுவே. ஆனால் அதை எடுத்தால்தான் ஐ.எஃப்.எஸ். கிடைக்கும் என்பது தவறு. உங்களுக்குப் பிடித்த, விடாமல் எழுத வருகிற பாடத்தை எடுங்கள்.

செலவுக்கு

சென்னை கிரீன்வேஸ் சாலையில் தமிழக அரசின் அகில இந்தியக் குடிமைப்பணித் தேர்வுப் பயிற்சி மையம் இருக்கிறது. நுழைவுத் தேர்வில் தேறினால் பயிற்சி கிடைக்கும். நான் முதல்வன் திட்டத்தில் 2023 முதல் தனித்தேர்வு வைத்து 1000 பேருக்கு மாதம் 7,500 ரூபாய் வீதம் 10 மாதம் தருகிறார்கள். பிரிலிம்ஸ் தேறியவர்களுக்கு 25,000 ரூபாய். டெல்லிக்குப் போய் லட்சக்கணக்கில் செலவழித்தால்தான் வெளியுறவுப் பணி என்று யாராவது சொன்னால், முதலில் இந்த இரண்டுக்கும் விண்ணப்பித்துவிட்டு யோசியுங்கள்.

படிவமும் நேர்காணலும்

விரிவான விண்ணப்பப் படிவத்தில் எழுதும் ஒவ்வொரு வரியும் கேள்வியாகத் திரும்பி வரும். ஐ.எஃப்.எஸ்.ஸை முதலில் போட்டால் "ஏன்?" என்று கேட்பார்கள். "உலகம் சுற்றலாம்" என்பது பதில் அல்ல. தெருவில் இறந்தவர் வீட்டைப் பற்றியோ, திருப்பூர் பற்றியோ, உங்களுக்கு உண்மையாகத் தோன்றிய காரணத்தை இரண்டே வாக்கியத்தில் சொல்லத் தயாராக இருங்கள். இரண்டாவதாகப் போட்டாலும் காரணம் வேண்டும்.

இன்னொன்று. ஐ.எஃப்.எஸ்.ஸில் சேர்ந்து அந்தப் பணியில் நீடிப்பவர் மறுபடி குடிமைப்பணித் தேர்வு எழுத முடியாது. ஐ.ஏ.எஸ்.ஸுக்கும் இதே விதி. "இப்போதைக்குச் சேர்ந்துவிட்டு அடுத்த வருடம் பார்க்கலாம்" என்ற கணக்கு இங்கே செல்லாது. அதனால்தான் அந்தக் கட்டத்தை நிதானமாக நிரப்பச் சொல்கிறேன்.

மாற்றுத்திறனாளிப் பெண்கள் இந்தப் பணி நமக்கில்லை என்று ஒதுங்க வேண்டாம். சென்னையைச் சேர்ந்த பெனோ ஜெஃபைன் பார்வையில்லாதவர். வங்கி அதிகாரியாக இருந்துகொண்டே படித்து 2013 தேர்வில் 343-ஆம் ரேங்க் பெற்றார். 2015-இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். முழுப் பார்வையின்மை கொண்ட ஒருவர் இப்பணிக்கு வந்தது அதுவே முதல் முறை. திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருளையும், உட்கார்ந்து படித்துக் காட்டிய அம்மாவையும் துணையாகக் கொண்டு படித்தவர் அவர்.

தேர்வான பிறகு

முசோரியில் மற்ற பணியினரோடு அடிப்படைப் பயிற்சி. பிறகு டெல்லியில் சுஷ்மா ஸ்வராஜ் வெளியுறவுப் பணி நிறுவனம். பின் அமைச்சகத்தில் சில மாதம் மேசை வேலை. அடுத்து மொழி. அரபி, சீனம், பிரெஞ்சு, ரஷ்யன், ஸ்பானிஷ், ஜப்பானியம் என்று ஒரு வெளிநாட்டு மொழி ஒதுக்குவார்கள். அது பேசப்படும் நாட்டுக்கு மூன்றாம் செயலாளராக அனுப்புவார்கள். அங்கே படித்துத் தேர்வு எழுதித் தேறினால்தான் பணி உறுதியாகும். உங்கள் விருப்பம், ரேங்க், அமைச்சகத்தின் தேவை மூன்றையும் பார்த்து மொழி முடிவாகும். பிரெஞ்சு கிடைத்தால் பாரிஸ் என்று நினைக்க வேண்டாம், மேற்கு ஆப்பிரிக்காவிலும் பிரெஞ்சுதான். அரபி கிடைத்த பெண்களை வீட்டில் பாவம் என்று பார்க்கிறார்கள். இலட்சக்கணக்கான நம்மவர் உழைக்கும் நாடுகளின் மொழி அது. எனக்கு வாய்ப்பிருந்தால் அதைத்தான் கேட்டிருப்பேன்.

பிறகு இரண்டாம் செயலாளர், முதல் செயலாளர், கவுன்சிலர் என்று படி ஏறித் தூதர் வரை. ஒரு நாட்டில் பெரும்பாலும் மூன்று வருடம், நடுநடுவே டெல்லி. தொடக்க அடிப்படைச் சம்பளம் மற்ற குரூப் ஏ பணிகளைப் போல 56,100 ரூபாய். வெளிநாட்டில் இருக்கும்போது அதற்கான தனிப்படியும் வீடும் உண்டு.

வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டியவை

இங்கே இனிப்புத் தடவிப் பேச மாட்டேன். மூன்று வருடத்துக்கு ஒருமுறை வீடு மாறும். பிள்ளைகள் பள்ளியும் நண்பர்களும் மாறும். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் நீங்கள் பதினைந்து மணி நேர விமானப் பயணத் தொலைவில் இருக்கலாம். கணவரின் வேலைதான் பெரிய முடிச்சு. தூதரக அதிகாரியின் துணைவர் அந்த நாட்டில் வேலை பார்க்கச் சில நாடுகளோடு இந்தியா ஒப்பந்தம் செய்திருக்கிறது, எல்லா நாடுகளோடும் இல்லை. வெளிநாட்டவரை மணப்பதென்றால் அரசின் முன் அனுமதி தேவை. இது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது.

சமாளித்தவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று பாருங்கள். நிருபமா ராவ் கொழும்பு, பெய்ஜிங் என்று பணியாற்றினார். அவர் கணவர் கர்நாடகப் பிரிவு ஐ.ஏ.எஸ். அதிகாரி. நீண்ட காலம் இருவரும் வேறு வேறு ஊர்களில் இருந்தார்கள். அதே பணியில் இருப்பவரை மணந்து, கூடியவரை ஒரே ஊரிலோ பக்கத்து நாட்டிலோ பணி கேட்டு வாங்கும் இணையர்களும் உண்டு. 180 நாள் மகப்பேறு விடுப்பும், பிள்ளை வளர்ப்புக்காகப் பணிக்காலம் முழுவதிலும் 730 நாள் விடுப்பும் மத்திய அரசுப் பெண் ஊழியர் எல்லோருக்கும் உண்டு. பெண் பார்க்க வருபவரிடம் இதையெல்லாம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். நிச்சயத்துக்குப் பிறகு சொன்னால் அடிபடுவது உங்கள் வேலைதான்.

அம்மாவிடம் பேசும்போது இன்னொரு கேள்வியையும் கேளுங்கள்: "அண்ணன் அமெரிக்கா போனப்ப இதெல்லாம் கேட்டோமா?"

வேறு வாசல்கள்

ரேங்க் எட்டவில்லை, வயது ஓடுகிறது என்றால் கதவு மூடிவிடவில்லை. பணியாளர் தேர்வாணையம் நடத்தும் பட்டதாரி நிலைத் தேர்வில் வெளியுறவு அமைச்சகத்தின் உதவிப் பிரிவு அலுவலர் பணி இருக்கிறது. இவர்களும் டெல்லியில் வேலை செய்து, முறை வரும்போது தூதரகங்களுக்குப் போகிறார்கள், மேலே பதவி உயர்வும் உண்டு. இதற்கு வயது வரம்பு 30, எனவே குடிமைப்பணித் தேர்வோடு சேர்த்தே எழுதிவிடுவது நல்லது. எழுதும்போது துறை விருப்பத்தில் வெளியுறவு அமைச்சகத்தை மேலே போட மறக்காதீர்கள். இங்கும் அதே கட்டம், அதே தவறுதான் நடக்கிறது. மொழிகளில் ஆர்வம் என்றால், ஒரு வெளிநாட்டு மொழியில் பட்டம் வரை போனவர்களுக்கு அமைச்சகத்திலேயே மொழிபெயர்ப்பாளர் பிரிவு இருக்கிறது. மாநில அரசில் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வு ஆணையரகம் இருக்கிறது. உடல் ஊர் திரும்புவதற்காகக் காத்திருக்கும் குடும்பத்தின் மனு அங்கேயும் போகிறது, அதை எடுத்துப் படித்து அன்றைக்கே தூதரகத்துக்கு எழுதும் ஆள் அங்கேயும் தேவைப்படுகிறார்.